கர்ப்பப்பையை எடுத்த பிறகு "கர்ப்பப்பை வாய் கேன்சர்" என்று ரிப்போர்ட் வந்தால்: இரண்டாவது ஆபரேஷன், லேப்ராஸ்கோப்பி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்க்கட்டி, ஓயாத உதிரப்போக்கு, கர்ப்பப்பை இறக்கம் என்று ஏதோ ஒரு காரணத்துக்காகக் கர்ப்பப்பையை எடுத்திருப்பார்கள். தையல் பிரித்து வீட்டுக்கும் வந்தாயிற்று. பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்: "பயாப்சி ரிப்போர்ட் வந்திருக்கு, வீட்டில யாரையாவது கூட்டிட்டு வாங்க." மகளிர் புற்றுநோய்ப் பிரிவில் நர்ஸாக வேலை பார்க்கும் நான், அந்தப் போனுக்குப் பிறகு எங்களிடம் வரும் பெண்களையும் அவர்கள் வீட்டாரையும் வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறேன். எல்லோரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். டாக்டர் அறைக்குள் கேட்க வாய் வராமல், வெளியே வந்து என் மேஜையருகில் நின்று கேட்ட கேள்விகள் இவை. அவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். உங்கள் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர்தான். அவரிடம் என்ன கேட்கலாம் என்பதற்கு இது உதவும்.

கர்ப்பப்பையையே எடுத்தாச்சே, அப்புறம் எப்படி கர்ப்பப்பை வாயில கேன்சர் இருக்கும்?

எடுத்த கர்ப்பப்பையோடு அதன் வாயும் சேர்ந்து வந்திருக்கும். அதை லேபில் மெல்லிய சீவல்களாக வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோதுதான் புற்று தெரிந்திருக்கிறது. அதாவது ஆபரேஷன் நடந்த அன்றே அது அங்கே இருந்தது. ஆபரேஷனால் வந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "கத்தி பட்டதால் கேன்சராக மாறிவிட்டது" என்று பக்கத்து வீட்டில் யாராவது கட்டாயம் சொல்வார்கள்.

கர்ப்பப்பை வாய் வெளியே வந்துவிட்டாலும், அதன் இருபுறமும் இருந்த திசு, யோனியின் மேல்பகுதி, இடுப்புக்குள் இருக்கும் நிணநீர் முடிச்சுகள் எல்லாம் உடம்பிலேயே இருக்கின்றன. இந்தப் புற்று பரவினால் முதலில் பரவும் இடங்கள் அவைதான். கேன்சர் என்று முன்பே தெரிந்திருந்தால், அவற்றை எடுப்பதா வேண்டாமா என்பதையும் முதல் ஆபரேஷனுக்கு முன்பே முடிவு செய்திருப்பார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னாடி ஸ்கேன் எல்லாம் எடுத்தாங்களே, ஏன் தெரியல?

வயிற்று ஸ்கேனில் கர்ப்பப்பையின் அளவு தெரியும், கட்டி தெரியும். சில மில்லிமீட்டர் ஆழமே இருக்கும் ஆரம்பப் புற்று தெரியாது. அதைப் பிடிக்க பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைத் தடவி எடுத்துப் பார்ப்பது), எச்பிவி டெஸ்ட் (இந்தப் புற்றை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பது), சந்தேகம் இருந்தால் கர்ப்பப்பை வாயிலிருந்து சின்னத் துண்டு எடுத்துப் பயாப்சி வேண்டும். நம் ஊரில் இவை எதுவும் செய்யாமலே கர்ப்பப்பையை எடுப்பது இன்னும் நடக்கிறது. டெஸ்ட் செய்தும் தப்பிப் போவதும் உண்டு, குறிப்பாக வாயின் உட்புறக் குழாயில் சுரப்பித் திசுவில் முளைக்கும் வகை.

டெஸ்ட்டினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நம் திண்டுக்கல் மாவட்டத்தையே காட்டலாம். கிராமம் கிராமமாகப் போய், வினிகர் போன்ற அமிலத்தைத் தடவிக் கர்ப்பப்பை வாயைப் பரிசோதிக்கும் எளிய முறையை அங்கே செய்து பார்த்தார்கள். பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்தப் புற்றால் நேரும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. இதைப் படிக்கும் யாராவது கர்ப்பப்பை எடுக்க இனிமேல்தான் தேதி வாங்கியிருந்தால், அந்தத் தேதிக்கு முன்னால் பாப் ஸ்மியர் எடுத்தாயிற்றா என்று இன்றே கேளுங்கள்.

ரிப்போர்ட் நாலு பக்கம் இருக்கு. அதுல எந்த வரியைப் பார்க்கணும்?

நான்கு விஷயம். ஒன்று, புற்று எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எவ்வளவு பெரிது. இரண்டு, அது எந்த வகை: தோல் போன்ற செல்லா, சுரப்பிச் செல்லா, அரிதான வேறு வகையா. மூன்று, ரத்த நாளத்திலோ நிணநீர் நாளத்திலோ புற்றுச் செல்கள் நுழைந்திருக்கின்றனவா. இதை டாக்டர்கள் எல்விஎஸ்ஐ என்பார்கள். நான்கு, வெட்டிய விளிம்பில் புற்று இருக்கிறதா, அதாவது மார்ஜின்.

ஆழம் 3 மில்லிமீட்டருக்குள் என்றால் ஸ்டேஜ் 1ஏ1. மூன்றைத் தாண்டி 5 வரை 1ஏ2. ஐந்தைத் தாண்டி, கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் 1பி1. இதெல்லாம் 2018-ல் திருத்திய கணக்கு. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் சிகிச்சையே மாறிவிடும். ஒரு தடவை ஒரு மகள் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் கொண்டுவந்தாள். அதில் "கேன்சர், மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்" என்று ஒரே வரி. முழு ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வரவழைத்துப் பார்த்தால் மூன்றாம் பக்கத்தில் ஆழம் 2 மில்லிமீட்டர், எல்விஎஸ்ஐ இல்லை, மார்ஜின் சுத்தம் என்று இருந்தது. ஒரு வாரமாக அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த அம்மாவுக்கு மேற்கொண்டு ஆபரேஷனே தேவைப்படவில்லை.

ஸ்லைடு, பிளாக்கு எல்லாம் எதுக்குக் கேக்குறாங்க? ரிப்போர்ட் போதாதா?

போதாது. வேறு காரணத்துக்காக எடுத்த கர்ப்பப்பையை லேபில் நான்கைந்து இடத்தில் மட்டும் வெட்டிப் பார்த்திருக்கலாம். புற்று என்று தெரிந்தபின் வாய்ப்பகுதி முழுவதையும் வெட்டி, ஆழத்தைச் சரியாக அளக்க வேண்டும். அதற்குத்தான் மெழுகில் பதித்து வைத்த திசு, அதாவது பிளாக், வேண்டும். புற்றுநோய்த் திசுக்களையே தினமும் பார்க்கும் நிபுணர் மறுபடி பார்க்கும்போது ஸ்டேஜ் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், கூடியும் குறைந்தும்.

முதலில் ஆபரேஷன் செய்த இடத்தில் எழுதிக் கொடுத்தால் தருவார்கள். எத்தனை பிளாக், எத்தனை ஸ்லைடு என்று எண்ணிக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். ஸ்லைடு கண்ணாடி, உடைந்துவிடும். ஒரு பெரியவர் எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் பஞ்சு பரப்பி, ஒவ்வொரு ஸ்லைடுக்கும் நடுவில் ஒரு மடிப்புத் துணி வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். ஒன்றுகூட உடையவில்லை. அப்புறம், பிளாக்கை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். மெழுகு இளகிவிடும்.

எல்லாருக்கும் மறுபடி ஆபரேஷன் வேணுமா?

இல்லை. மேலே சொன்ன நான்கு விஷயத்தையும் எம்ஆர்ஐ அல்லது பெட் ஸ்கேன் முடிவையும் வைத்து மூன்று வழியில் ஒன்று அமையும். 1ஏ1, எல்விஎஸ்ஐ இல்லை, மார்ஜின் சுத்தம் என்றால் பெரும்பாலும் பரிசோதனைக்கு ஒழுங்காக வந்து போனால் போதும். மார்ஜினில் புற்று இருந்தாலோ, ஸ்கேனில் மிச்சப் புற்றோ முடிச்சு வீக்கமோ தெரிந்தாலோ பொதுவாக ரேடியேஷனும் கீமோவும்.

நடுவில் இருப்பவர்கள்தான் குழம்பிப் போவார்கள்: 1ஏ1-ல் எல்விஎஸ்ஐ இருப்பவர்கள், 1ஏ2, 1பி1, ஆனால் மார்ஜினும் ஸ்கேனும் சுத்தம். இவர்களுக்கு இரண்டாவது ஆபரேஷனும் ஒரு வழி, ரேடியேஷனும் ஒரு வழி. இனி வரும் கேள்விகள் பெரும்பாலும் இவர்களுடையவை.

கர்ப்பப்பையே இல்லையே, ரெண்டாவது ஆபரேஷன்ல எதை எடுப்பாங்க?

கர்ப்பப்பை வாய்க்கு இருபுறமும் இருந்த பக்கத் திசு, யோனியின் மேல்பகுதியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர், இடுப்பின் இருபுற நிணநீர் முடிச்சுகள். முதல் ஆபரேஷனைவிட இது கஷ்டமானது. வழக்கமான புற்று ஆபரேஷனில் சர்ஜன் கர்ப்பப்பையைப் பிடித்து இழுத்து விறைப்பாக வைத்துக்கொண்டு பக்கத் திசுவைப் பிரிப்பார். இப்போது பிடிப்பதற்கு அது இல்லை. முன்பு தைத்த இடத்தில் மூத்திரப்பையும் குடலும் ஒட்டிப்போயிருக்கும்.

சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய், மூன்று நான்கு மில்லிமீட்டர் பருமன்தான், சரியாக அந்தப் பக்கத் திசுவுக்குள்ளேயே நுழைந்து போகிறது. தழும்புக்குள் அதைத் தேடிப் பிரித்தெடுத்து, சேதமில்லாமல் ஒதுக்க வேண்டும். அதனால் இதை மகளிர் புற்றுநோய் ஆபரேஷனிலேயே பழகியவர்தான் செய்ய வேண்டும். முதலில் கர்ப்பப்பையை எடுத்தவர் எவ்வளவு நல்லவராக, கைராசிக்காரராக இருந்தாலும் சரி, இது வேறு வேலை.

ஆபரேஷன் வேண்டாம், நேரா கரண்ட் வச்சுக்கலாமா?

ரேடியேஷனைத்தான் நம் ஊரில் கரண்ட் வைப்பது என்கிறோம். அதில் கரண்ட் ஷாக் எதுவும் கிடையாது. வாரம் ஐந்து நாளாக 25 முதல் 28 தடவை இடுப்புக்கு வெளியிலிருந்து கொடுப்பார்கள். தேவைப்பட்டால் யோனிக்குள் சிறு குழாய் வைத்து உள்ளிருந்தும் கொடுப்பார்கள். சிலருக்கு வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் கீமோவும் சேரும்.

வைத்துக்கொள்ளலாம், பலருக்கு அதுவே சரியான வழி. இதில் நான் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு. ஆபரேஷனும் செய்து ரேடியேஷனும் கொடுத்தால் இரண்டின் தொல்லையும் ஒரே உடம்பில் சேரும். 1997-ல் இத்தாலியிலிருந்து வந்த ஆய்வில், ஆரம்ப நிலைப் புற்று இருந்த 343 பெண்களில் பாதிப் பேருக்கு ஆபரேஷன், மற்றவர்களுக்கு ரேடியேஷன். ஐந்து வருஷம் உயிரோடிருந்தவர்கள் இரு பக்கமும் 83 சதவீதம். கடுமையான பின்விளைவு ஆபரேஷன் பக்கம் 28 சதவீதம், ரேடியேஷன் பக்கம் 12. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பலருக்கு ரேடியேஷனும் தேவைப்பட்டதுதான் முக்கியக் காரணம். அவர்கள் முதலில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்தவர்கள் இல்லை, ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "ரெண்டாவது ஆபரேஷனுக்கு அப்புறமும் எனக்கு ரேடியேஷன் வேண்டி வருமா?" பெரும்பாலும் வரும் என்றால் நேராக ரேடியேஷனுக்கே போவது நல்லது. வராது என்ற நம்பிக்கை இருந்தால், வயது குறைந்தவராக இருந்தால், ஆபரேஷனுக்கு அர்த்தம் உண்டு.

லேப்ராஸ்கோப்பியிலயே முடிச்சிடலாமா? மறுபடி வயித்தைக் கிழிக்கணுமா?

செய்ய முடியும், செய்கிறார்கள். நான்கைந்து சிறு துளை, கேமரா, வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயு. படம் பெரிதாகத் தெரிவதால் தழும்புக்குள் குழாயையும் நரம்பையும் தேடிப் பிரிக்க வசதி. ரத்தச் சேதம் குறைவு, வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ரோபோ ஆபரேஷனும் இதே குடும்பம்தான்.

காயம் எவ்வளவு சின்னது என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

லேப்ராஸ்கோப்பி பண்ணினா கர்ப்பப்பை வாய் கேன்சர் திரும்ப வரும்னு படிச்சேன். நிஜமா?

நிஜமாகவே அப்படி ஒரு பெரிய ஆய்வு வந்தது. பெயர் லாக். அப்போது அமெரிக்காவில் ஹூஸ்டனின் எம்டி ஆண்டர்சன் மருத்துவமனையில் இருந்த பெட்ரோ ராமிரெஸ் தலைமையில் பல நாடுகளின் 33 மையங்கள், 631 பெண்கள். கர்ப்பப்பையை அதன் பக்கத் திசுவோடு எடுக்கும் ஆபரேஷனை, சீட்டுப் போட்டுப் பிரித்து, பாதிப் பேருக்கு வயிற்றைத் திறந்தும் மற்றவர்களுக்குத் துளை வழியாகவும் செய்தார்கள். முடிவு 2018-ல் வெளியானது. நாலரை வருஷத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், திறந்து செய்ததில் 96.5 சதவீதம், துளை வழியில் 86 சதவீதம். துளை வழி மேலாக இல்லாவிட்டாலும் சமமாகவாவது இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். பாதுகாப்புக் குழு ஆய்வில் ஆள் சேர்ப்பதையே நிறுத்தச் சொன்னது. அதன்பிறகு உலகம் முழுக்க சர்ஜன்கள் இந்தப் புற்றுக்கு மறுபடி வயிற்றைத் திறக்கும் முறைக்குத் திரும்பினார்கள்.

காரணமாகச் சொல்லப்படுபவை: கர்ப்பப்பையை ஆட்டி அசைக்க யோனி வழியாக உள்ளே செருகும் கருவி புற்றை நசுக்கலாம். யோனியை வயிற்றுப் பக்கமிருந்து வெட்டித் திறக்கும்போது புற்றுச் செல்கள் வயிற்றுக்குள் சிந்தலாம். 2020-ல் வந்த சக்கர் என்ற ஐரோப்பிய ஆய்வு இதற்குப் பலம் சேர்த்தது. அந்தக் கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு, திறந்து செய்தவர்களைவிட நோய் திரும்பும் அபாயம் 2.76 மடங்கு. கருவி இல்லாமல் செய்தவர்களுக்கும், யோனியை முதலிலேயே தைத்து மூடிவிட்டு வெட்டியவர்களுக்கும் திறந்த ஆபரேஷனுக்குச் சமமாகவே இருந்தது.

ஆனா எனக்குத்தான் கட்டியே இல்லையே, ஏற்கனவே எடுத்தாச்சே. அந்த ஆய்வு எனக்கும் பொருந்துமா?

நல்ல கேள்வி, டாக்டர்களே விவாதிக்கும் கேள்வி. லாக் ஆய்வில் இருந்தவர்களுக்குக் கர்ப்பப்பை வாய் உள்ளே இருந்தது, பலருக்குப் புற்றும் இருந்தது. உங்களுக்குக் கர்ப்பப்பை வாய் ஏற்கனவே வெளியே வந்துவிட்டது. ஆட்டும் கருவியைச் செருகக் கர்ப்பப்பை இல்லை. மார்ஜினும் ஸ்கேனும் சுத்தமாக இருந்தால் சிந்துவதற்குப் புற்றும் இருக்க வாய்ப்புக் குறைவு. ஆகவே அந்த எண்களை அப்படியே தூக்கி உங்கள் மேல் வைக்க முடியாது.

அதே சமயம், "உங்களுக்கு ஆபத்தே இல்லை" என்று அடித்துச் சொல்லவும் முடியாது. இந்தச் சூழலுக்கென்று சீட்டுப் போட்டுப் பிரித்த பெரிய ஆய்வு கிடையாது. இருப்பதெல்லாம் சில மையங்கள் தங்களிடம் வந்த சில பத்துப் பேரைப் பற்றி எழுதியவை. அதனால் லேப்ராஸ்கோப்பி என்று முடிவானால் இவற்றைக் கேளுங்கள்: யோனியின் மேல்பகுதியை மூடித் தைத்துவிட்டு வெட்டுவீர்களா? எடுத்ததைப் பைக்குள் போட்டு வெளியே எடுப்பீர்களா? உள்ளே சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் திறந்த முறைக்கு மாறுவீர்களா? இந்த ஆபரேஷனை, கர்ப்பப்பை இல்லாதவர்களுக்கு, எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்? கேட்டதற்காக எந்த நல்ல சர்ஜனும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதல் ஆபரேஷனே லேப்ராஸ்கோப்பிதான். பெரிசா இருந்ததால உள்ளேயே துண்டு துண்டா வெட்டி எடுத்தாங்களாம்...

இதைக் கட்டாயம் சொல்லுங்கள். மறைக்கவோ, முக்கியமில்லை என்று விடவோ கூடாது. துண்டு போட்டால் ஆழத்தையும் மார்ஜினையும் சரியாக அளக்க முடியாது. செல்கள் வயிற்றுக்குள் சிந்தியிருக்கவும் கூடும். மேலே சொன்ன "சுத்தமான மார்ஜின்" கணக்கே உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். முதல் ஆபரேஷன் குறிப்பின் நகலை வாங்கி வாருங்கள், அதில் எழுதியிருக்கும்.

சின்ன புத்துன்னா சாதாரணமா கர்ப்பப்பையை எடுத்தாலே போதும்னு புது ஆய்வு வந்திருக்காமே? அப்ப எனக்கு வேலை முடிஞ்சுதா?

ஷேப் ஆய்வைச் சொல்கிறீர்கள். 2024-ல் வந்தது, 700 பெண்கள். கட்டி 2 சென்டிமீட்டருக்குள், ஆழம் குறைவு. பக்கத் திசுவோடு எடுத்தவர்களில் மூன்று வருஷத்துக்குள் இடுப்பில் நோய் திரும்பியது 2.17 சதவீதம், சாதாரணமாக எடுத்தவர்களில் 2.52. கிட்டத்தட்ட சமம். உங்கள் புற்று இந்த வரம்புக்குள் இருந்தால், பக்கத் திசுவை எடுக்கும் பெரிய ஆபரேஷன் தேவையில்லை, முடிச்சுகளை மட்டும் பார்த்தால் போதும் என்று டாக்டர் சொல்ல இது இடம் கொடுக்கிறது.

ஆனால் அந்தப் பெண்களுக்குக் கேன்சர் என்று முன்பே தெரியும். திட்டம் போட்டு, அளந்து, முடிச்சுகளையும் பார்த்துச் செய்த ஆபரேஷன் அது. தெரியாமல் எடுத்தவர்களையும் சேர்த்துப் பார்த்தது 2021-ல் வந்த கான்செர்வ் என்ற ஆய்வு. நூறு பேரில் 16 பேர் உங்களைப் போல, கர்ப்பப்பை எடுத்தபின் புற்று தெரிந்து, முடிச்சுகளை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள். நூறு பேரிலும் மூன்று பேருக்குத்தான் நோய் திரும்பியது, அந்த மூவரில் இருவர் இந்தப் 16 பேரில் இருந்தார்கள். எண்ணிக்கை சின்னது, அதை வைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் பிளாக்கை மறுபடி அளக்காமல் "வேலை முடிந்தது" என்று யாரும் சொல்லக் கூடாது.

முடிச்சை எல்லாம் எடுக்காம, முதல் முடிச்சை மட்டும் பார்க்கிற டெஸ்ட் இருக்காமே?

காவல் முடிச்சுப் பரிசோதனை. அதற்கான சாயத்தைக் கர்ப்பப்பை வாயில்தான் ஊசி போட வேண்டும். உங்களுக்கு அது இல்லை என்பதால் வழக்கமான முறையில் செய்ய முடியாது. இருபுற முடிச்சுகளையும் எடுக்க வேண்டி வரும். பிறகு சிலருக்குக் கால் வீங்கும். ஒரு கால் மட்டும் புதிதாக வீங்கினால் உடனே வந்து காட்டுங்கள்.

எத்தனை நாள் தள்ளிப் போடலாம்? மகள் கல்யாணம் இருக்கு.

பிளாக் பார்ப்பது, ஸ்கேன் எல்லாம் இந்த வாரமே ஆரம்பிக்க வேண்டும். ஆபரேஷன் என்று முடிவானால் முதல் புண்ணின் வீக்கம் வடியட்டும் என்று பல சர்ஜன்கள் ஆறு வாரம் போல விடுவார்கள். அந்த இடைவெளிக்குள் கல்யாணம் வந்தால் சந்தோஷமாக நடத்துங்கள். அதைத் தாண்டி, நல்ல நாள், ஆடி மாதம், அறுவடை என்று தள்ளாதீர்கள்.

மூத்திர டியூபோட வீட்டுக்கு அனுப்பினாங்க. எடுத்துட்டா போகவே மாட்டேங்குது.

மூத்திரப்பைக்குப் போகும் நரம்புகள் பக்கத் திசுவை ஒட்டியே ஓடுகின்றன. ஆபரேஷனில் அவை மரத்துப்போனால் பை நிரம்பியதே தெரியாது. ஒன்றிரண்டு வாரம் டியூப் இருப்பது வழக்கம்தான். எடுத்தபின் போய்விட்டு வந்ததும், உள்ளே எவ்வளவு மிச்சம் என்று அளப்பார்கள். மணி பார்த்து மூன்று மணிக்கு ஒருமுறை போங்கள், உட்கார்ந்து முன்னால் சாய்ந்து அடிவயிற்றை லேசாக அழுத்துங்கள். பெரும்பாலோருக்கு மெல்லத் திரும்பிவிடும். ஆனால் தானாக யோனி வழியே தண்ணீர் மாதிரி ஒழுகிக்கொண்டே இருந்தால், ராத்திரி பாவாடை நனைந்தால், வெள்ளைப்படுதல் என்று நினைத்து வீட்டில் இருக்காதீர்கள். குழாயிலோ பையிலோ ஓட்டை விழுந்திருக்கலாம், அன்றைக்கே வாருங்கள்.

அக்கா, இதை டாக்டர்கிட்ட கேக்க முடியல. அவரோட சேர்ந்து இருக்கலாமா?

இருக்கலாம். தையல் ஆறியதும், டாக்டர் பார்த்துச் சரி என்றதும். யோனி கொஞ்சம் குட்டையாகியிருக்கும். ரேடியேஷனும் எடுத்திருந்தால் வறண்டு சுருங்கும், அதற்கு விரிப்பான் என்ற கருவியும் களிம்பும் உண்டு. கேட்டால்தான் தருவார்கள், எங்களிடமே கேளுங்கள். கணவருக்கு இந்தக் கேன்சர் தொற்றாது. 40 வயதுக்குள் இருப்பவர்கள் சினைப்பையைக் காப்பாற்ற முடியுமா என்றும் ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பலருக்கு விட்டுவைக்கலாம். ரேடியேஷன் வரக்கூடும் என்றால் சினைப்பையை இடுப்புக்கு மேலே தூக்கி வைத்துத் தைக்கவும் வழி இருக்கிறது.

ஒரு டாக்டர் ஆபரேஷன்ங்கிறார், இன்னொருத்தர் ரேடியேஷன்ங்கிறார். யாரை நம்புறது?

நடு வகையில் இருப்பவர்களுக்கு இரண்டும் சரியான பதிலாக இருக்கலாம் என்று மேலே சொன்னேன். சர்ஜனுக்கு ஆபரேஷனும் ரேடியேஷன் டாக்டருக்கு ரேடியேஷனும் முதலில் தோன்றுவது இயல்பு. இருவரையும் திசு நிபுணரையும் ஸ்கேன் நிபுணரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசுவதற்குப் பெயர் டியூமர் போர்டு. பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளிலும் பல அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இருக்கிறது. "என் கேஸை டியூமர் போர்டில் வைத்தீர்களா, என்ன முடிவு எழுதினார்கள்?" என்று கேளுங்கள். எழுதிய தாளின் நகலை வாங்கி, பிளாக் ரிப்போர்ட்டோடு ஒரே கவரில் போட்டு வையுங்கள். முதல் இரண்டு வருஷம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வரும்போதெல்லாம், டாக்டர் மாறியிருந்தாலும், அந்தக் கவரைத்தான் நாங்கள் முதலில் கேட்போம்.